செவி நரம்புக் கட்டி: ஸ்கேனில் நான் முதலில் தேடுவது சிரைகளை

அகூஸ்டிக் நியூரோமா என்று ரிப்போர்ட் வந்ததும் வீட்டில் உள்ளவர்கள் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். கட்டி எவ்வளவு பெரிசு, கேன்சரா, ஆபரேஷன் செய்தால் வாய் கோணிவிடுமா, காது திரும்பக் கேட்குமா. எல்லாமே கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் பல வருடங்களாக எம்ஆர்ஐயும் சிடி ஸ்கேனும் பார்த்து ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருக்கும் என்னிடம், "அந்தப் பக்கத்து ரத்தக்குழாய்கள் எப்படி இருக்கு டாக்டர்?" என்று எந்த நோயாளியும் கேட்டதில்லை. நோயாளிக்குத் தெரியாததில் ஆச்சரியமில்லை, ஸ்கேனுக்கு எழுதிக் கொடுக்கும் சீட்டிலும் அந்தக் கேள்வி அபூர்வமாகத்தான் வருகிறது. மண்டையைத் திறந்த பிறகு கட்டிவரை போக சர்ஜனுக்கு வழி இருக்குமா, எவ்வளவு அகலத்துக்கு இருக்கும் என்பதைப் பல நேரம் தீர்மானிப்பது அங்கே ஓடும் சிரைகள்தான். அவை ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆளிலேயே வலது பக்கம் ஒரு மாதிரி, இடது பக்கம் வேறு மாதிரி இருக்கும்.

கட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது கேன்சர் இல்லை. எட்டாவது மூளை நரம்பில் கேட்பதற்கு ஒரு பிரிவு, உடல் சமநிலைக்கு ஒரு பிரிவு என்று உண்டு. சமநிலைப் பிரிவைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்களிலிருந்து இந்தக் கட்டி முளைக்கிறது, அதனால் டாக்டர்கள் இப்போது வெஸ்டிபுலர் ஷ்வானோமா என்றே எழுதுகிறார்கள். ஒரு காதில் மட்டும் கேட்பது குறையும், இரைச்சல் இருக்கும், நடக்கும்போது லேசாகத் தள்ளும். உள்காதுக் கால்வாய் என்று சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் எலும்புக்குள் ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. கட்டி பெரும்பாலும் அதற்குள் தொடங்கி, வளர வளர வெளியே சிறுமூளைக்கும் மூளைத்தண்டுக்கும் நடுவில் இருக்கும் இடத்துக்குப் புடைத்துக்கொண்டு வரும். அதே கால்வாயில்தான் முகத்தை அசைக்கும் நரம்பும் ஓடுகிறது.

சின்னதாக இருந்தால் வருடத்துக்கு ஒருமுறை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், நிறையக் கட்டிகள் வளராமலே கிடக்கும். கதிர்வீச்சு கொடுக்கலாம், ஸ்டாக்ஹோமில் நியூரோசர்ஜன் லார்ஸ் லெக்செல் 1969இல் காமா நைஃப் என்கிற கதிர்வீச்சுக் கருவி கொண்டு இந்தக் கட்டிக்கு முதன்முதலாகச் சிகிச்சை கொடுத்தார், இன்று ஒரே தடவையில் 12, 13 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவுக்குக் கொடுக்கிறார்கள். இந்த இரண்டிலும் சிரை எங்கே ஓடுகிறது என்பது பெரிய விஷயமில்லை. கத்தி எடுக்கும்போதுதான் அது விஷயமாகிறது.

இங்கே நான் சைனஸ் என்று சொல்லப்போவது மூக்குப் பக்கத்துச் சைனஸ் இல்லை. மூளைக்குப் போன ரத்தம் திரும்பி இறங்கும் பெரிய சிரைப் பாதைகளுக்கும் அதே பெயர்தான். பின்மண்டையில் குறுக்காக ஓடுவது டிரான்ஸ்வர்ஸ் சைனஸ். அது காதுக்குப் பின்னால் வந்து வளைந்து கீழே இறங்கும்போது சிக்மாய்டு சைனஸ். மண்டையோட்டின் அடியில் கழுத்துச் சிரையாக மாறுவதற்கு முன்பு, மேல்நோக்கி ஒரு குமிழாகப் புடைக்கும், அதுதான் ஜுகுலர் பல்ப். இந்த மொத்தப் பாதையும் காதின் எலும்பை ஒட்டியே போகிறது. உள்காதுக் கால்வாய்க்கு நேர் கீழே பல்ப், பின்னால் சிக்மாய்டு, மேலே சுப்பீரியர் பெட்ரோசல் சைனஸ் என்று ஒரு சின்னது. கட்டிக்குப் போகிற வழியைச் சுற்றி எல்லாப் பக்கமும் சிரைதான்.

ஜுகுலர் பல்ப் பிறந்த குழந்தைக்கு இருப்பதில்லை. குழந்தை எழுந்து உட்கார்ந்து, நடந்து, ரத்த ஓட்டத்தின் போக்கு மாறிய பிறகு, ஏறக்குறைய இரண்டு வயதுக்கு மேல்தான் அந்தக் குமிழ் உருவாகத் தொடங்குகிறது, பெரியவராகும்வரை வளர்கிறது. பிறவியிலேயே அச்சடித்து வந்த உறுப்பு இல்லை என்பதால்தான் இத்தனை வேறுபாடு என்று எனக்குத் தோன்றும். சிலருக்கு அது கீழேயே அடக்கமாக இருக்கும். சிலருக்கு எலும்பைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறி, உள்காதுக் கால்வாயின் அடிமட்டம்வரைக்கும், சில நேரம் அதையும் தாண்டிப் போய்விடும். நடுக்காதுக்குள் எலும்பு மூடியே இல்லாமல் எட்டிப் பார்ப்பதும் உண்டு, செவிப்பறைக்குப் பின்னால் நீலமாகத் தெரியும், காதில் நாடித் துடிப்பு போலக் கேட்கிறது என்று ஆட்கள் வருவார்கள். பெரும்பாலானவர்களுக்கு வலது பக்கச் சைனஸ்தான் பெரிசு, அதனால் உயரமான பல்ப்பையும் வலது பக்கமே அதிகம் பார்க்கிறோம்.

இந்த அறுவை சிகிச்சையின் வரலாற்றில் தமனிக்குக் கிடைத்த கவனம் சிரைக்குக் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கட்டியை விரலால் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள், பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் இறந்துபோனார்கள். அமெரிக்க நியூரோசர்ஜன் ஹார்வி குஷிங் 1917இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். கட்டியை முழுதாகப் பிடுங்காமல் உள்ளிருந்து குடைந்து எடுத்துவிட்டு மேலுறையை விட்டுவிடுவது அவர் வழி, இறப்பு வெகுவாகக் குறைந்தது. அப்புறம் இன்னொரு நியூரோசர்ஜன் வால்டர் டேண்டி முழுக் கட்டியையும் எடுக்கலாம் என்று காட்டினார். 1949இல் அட்கின்சன் என்கிற டாக்டர், சிறுமூளைக்குப் போகும் ஒரு தமனி அடைபட்டதால்தான் பல நோயாளிகள் இறந்தார்கள் என்று எழுதிய பிறகு அந்தத் தமனியைக் காப்பாற்றுவது எல்லோருக்கும் பாடமாகிவிட்டது. சிரை கிழிந்தால் ரத்தம் பெருகும், பஞ்சை வைத்து அழுத்தினால் நிற்கும், அவ்வளவுதான் என்கிற எண்ணம் வெகுகாலம் இருந்தது. சிரையில் அழுத்தம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் சிக்மாய்டோ பல்ப்போ கிழிந்தால் ஆழத்தில், மைக்ரோஸ்கோப்புக்கு அடியில், ஒரு சின்னக் குழியே சில விநாடிகளில் நிரம்பிவிடும். முக நரம்பு எங்கே இருக்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் ரத்தத்தை நிறுத்த எதையும் கண்மூடித்தனமாகச் சுட்டுப் பொசுக்கக்கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பாதையை முன்பே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

கட்டிக்குப் போகும் வழிகள் மூன்று. லாஸ் ஏஞ்சலஸில் காது சர்ஜன் வில்லியம் ஹவுஸ் 1960களின் தொடக்கத்தில் மைக்ரோஸ்கோப்பையும் டிரில்லையும் வைத்துப் பிரபலப்படுத்தியது காதுக்குப் பின்னால் எலும்பைக் குடைந்து, உள்காதில் சமநிலையை உணரும் அரைவட்டக் குழாய்களையும் எடுத்துவிட்டு நேராகக் கால்வாய்க்குப் போகும் வழி, டிரான்ஸ்லேபரிந்தைன் என்பார்கள். அந்தக் காதின் கேட்கும் திறன் போய்விடும், ஆனால் சிறுமூளையைத் தள்ள வேண்டியதில்லை, முக நரம்பைச் சீக்கிரமே அடையாளம் காணலாம். இந்த வழியில் சர்ஜனுக்குக் கிடைக்கும் ஜன்னல் என்பது பின்னால் சிக்மாய்டுக்கும், முன்னால் அரைவட்டக் குழாய்களின் எலும்புக்கும், மேலே அந்தச் சின்ன பெட்ரோசல் சைனஸுக்கும் நடுவில் இருக்கும் முக்கோணம்தான். சிக்மாய்டு முன்பக்கமாகத் தள்ளி உட்கார்ந்திருந்தால் முக்கோணம் சுருங்கிவிடும். சிலருக்கு அது காதுத் துவாரத்தின் பின்சுவரை ஏறக்குறைய தொட்டுக்கொண்டிருக்கும், ஸ்கேனில் பார்க்கும்போதே, இவ்வளவு இடத்தில் எப்படி நுழைவார்கள் என்று தோன்றும்.

அதற்கு அவர்கள் செய்வதை ஒருமுறை தியேட்டரில் நின்று பார்த்தேன், அதிலிருந்து என் ரிப்போர்ட் எழுதும் முறையே மாறியது. முதலில் டிரில்லில் பெரிய வெட்டும் பர் (சுழலும் முனை) போட்டு எலும்பைக் குடைகிறார்கள். சிரைக்கு மேலே எலும்பு மெலிய மெலிய உள்ளிருந்து ஒரு நீலம் தெரிய ஆரம்பிக்கிறது. அந்த நீலம் தெரிந்ததும் வைர பர்ருக்கு மாறுகிறார்கள், தண்ணீர் ஊற்றிக்கொண்டே, அழுத்தாமல், மேலே தடவுவது போல ஓட்டுகிறார்கள். கடைசியில் அழுத்தினால் உள்ளே போகும் அளவுக்கு மெல்லிய எலும்புத் தகடு ஒன்று மட்டும் சிரையின் மேல் மிஞ்சுகிறது. அதைச் சுற்றிலும் எலும்பை எடுத்துவிட்டு அந்தத் துண்டை மட்டும் அப்படியே விட்டால், டிரில்லின் தண்டு உரசினாலும் சிரை கிழியாது, தகட்டோடு சேர்த்துச் சிரையைப் பின்னால் அமுக்கி வழியை அகலமாக்கிக்கொள்ளலாம். ஹவுஸின் செல்லப் பெயரான பில்லை வைத்து இதை பில்ஸ் ஐலண்ட், அதாவது பில்லின் தீவு என்பார்கள். எல்லா சர்ஜனும் இப்போது அதை வைப்பதில்லை, எலும்பை முழுக்க எடுத்துவிட்டு சிரையை நேரடியாகவே ஒதுக்குகிறவர்களும் உண்டு. எப்படிச் செய்தாலும், அமுக்கப்படும் அந்தச் சிரைதான் அந்த ஆளின் மூளைக்கு முக்கிய வடிகால் என்றால் எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தம் என்பது வேறு கணக்கு.

இதே வழியில் பல்ப் உயரமாக இருந்தால் சிக்கல் கீழ்ப்பக்கம். உள்காதுக் கால்வாயைச் சுற்றிலும் மேலும் கீழும் எலும்பை எடுத்தால்தான் கட்டியின் அடிப்பக்கம் கைக்கு எட்டும். கால்வாய்க்கும் பல்ப்புக்கும் நடுவில் காக்லியர் அக்வடக்ட் என்று ஒரு மெல்லிய குழாய் போகிறது, "இதற்குக் கீழே போகாதே, தொண்டைக்கும் குரலுக்குமான நரம்புகள் இருக்கின்றன" என்று சர்ஜனுக்கு எல்லை காட்டுவது அதுதான். பல்ப் மேலே ஏறி வந்துவிட்டால் அந்த இடைவெளியே இருக்காது, அடையாளமும் காணாமல் போகும். பல்ப்பின் மேலுள்ள எலும்பைக் கவனமாக எடுத்து, ரத்தக்கசிவை நிறுத்தும் சர்ஜிசெல்லும், போன் வேக்ஸ் என்கிற எலும்பு மெழுகும் வைத்துக் குமிழைக் கீழே அமுக்கி நிறுத்தி வேலை செய்கிறார்கள், நல்ல கை இருந்தால் முடிகிறது. ஆனால் பல்ப்பின் சுவர் சிக்மாய்டின் சுவரைவிட மெல்லியது, எளிதில் கிழியும்.

இரண்டாவது வழி ரெட்ரோசிக்மாய்டு, நியூரோசர்ஜன்கள் பெரும்பாலும் கையில் எடுப்பது. சிக்மாய்டுக்குப் பின்னால் மண்டையோட்டில் ஒரு துவாரம் போட்டு, சிறுமூளையை லேசாக ஒதுக்கி, பின்பக்கமிருந்து கட்டிக்கு வருவது. கேட்கும் திறனைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. ஹனோவரில் மஜித் சமி இந்த வழியில் செய்த 1000 கட்டிகளைப் பற்றி 1997இல் எழுதினார், நோயாளியை அரை உட்கார்ந்த நிலையில் வைத்துச் செய்வது அவர்கள் பாணி. உட்கார வைத்தால் ரத்தம் தானாகக் கீழே வடிந்துவிடும், பார்வை சுத்தமாக இருக்கும். ஆனால் தலை இதயத்தைவிட மேலே இருப்பதால் சிரைக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்துவிடுகிறது. அப்போது சிரையில் ஓட்டை விழுந்தால் ரத்தம் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகும். இதயத்துக்குப் போய், நுரையீரலுக்குப் போய் அடைக்கும். இதயத்தின் மேல் இரண்டு அறைகளுக்கு நடுவில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு ஒரு சின்னத் துவாரம் மூடாமலே இருக்கிறது, அவர்களுக்கு அந்தக் காற்று மூளைக்கே போகலாம். அதனால்தான் உட்கார வைக்கும் இடங்களில் முன்பே எக்கோ பார்த்துவிடுகிறார்கள்.

இங்கே முதல் ஆபத்து துவாரம் போடும்போதே வருகிறது. காதுக்குப் பின்னால் தோலையும் தசையையும் எலும்பிலிருந்து பிரிக்கும்போது, எலும்பைத் துளைத்துக்கொண்டு சிக்மாய்டிலிருந்து வெளியே வரும் மாஸ்டாய்டு எமிசரி சிரை ஒன்று குறுக்கிடும். பலருக்கு அது ஒன்றுமே இல்லை, ஒரு மில்லிமீட்டர் இருக்கும், இல்லாமலும் இருக்கும். சிலருக்கு நாலைந்து மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு நிஜ வடிகாலாகவே இருக்கும். தெரியாமல் பிரித்தால் ரத்தம் கொட்டும், உட்கார்ந்த நிலையில் என்றால் காற்று இழுக்கும். போன் வேக்ஸ் வைத்து அடைப்பார்கள், அதிலும் ஒரு விஷயம், வேக்ஸை அளவுக்கு மீறி உள்ளே திணித்தால் அது சிக்மாய்டுக்குள்ளேயே போய் ரத்தத்தை உறைய வைக்கும். சிடி ஸ்கேனில் எலும்பைத் துலக்கமாகக் காட்டும் படங்களில் இந்தத் துவாரம் பளிச்சென்று தெரியும். எழுத ஒரு வரி போதும். ஆனாலும் பல ரிப்போர்ட்டுகளில் அந்த ஒரு வரி இருப்பதில்லை, எனக்கு அது வருத்தம்தான்.

இரண்டாவது ஆபத்து இன்னும் ஆழத்தில். வெளியே புடைத்திருக்கும் கட்டியை எடுத்த பிறகு கால்வாய்க்குள் இருக்கும் மிச்சத்தை எடுக்க, கால்வாயின் பின்சுவர் எலும்பை டிரில் செய்ய வேண்டும். உயரமான பல்ப் சில நேரம் அந்தப் பின்சுவருக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கும். அதன் மேல் எலும்பே இல்லாமலும் இருக்கலாம், அல்லது பல்ப்பிலிருந்து ஒரு சின்னப் பை மட்டும் தனியாக மேலே நீட்டிக்கொண்டிருக்கலாம். டிரில் பட்டால் அவ்வளவுதான்.

இதை ஒரு நோயாளியை வைத்துச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாற்பதுகளில் ஒரு பெண், தையல் கடை வைத்திருப்பவர். போனை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றிப் பேச ஆரம்பித்ததைத் தம்பிதான் முதலில் கவனித்திருக்கிறார். எம்ஆர்ஐயில் வலது பக்கம் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான கட்டி. வலது காது இன்னும் ஓரளவு நன்றாகவே கேட்டுக்கொண்டிருந்தது, அதனால் ரெட்ரோசிக்மாய்டு வழியில் போய்க் கேட்கும் திறனைக் காப்பாற்றலாம் என்பது திட்டம். "சின்னக் கட்டிதானே சார், ஈஸியா எடுத்துடலாம் இல்ல?" என்று தம்பி கேட்டார். அளவை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் கேட்டது நியாயம்.

சர்ஜன் கேட்டதால் காது எலும்புக்கு மெல்லிய அடுக்குகளில் சிடி எடுத்தோம், எம்ஆர்ஐயோடு சிரைகளுக்கான வெனோகிராமும் சேர்த்துக்கொண்டோம். ஸ்கேனைக் கீழிருந்து மேலே உருட்டிக்கொண்டே வந்தால் கழுத்துச் சிரை அகலமாகி பல்ப் ஆகும், சாதாரணமாக உள்காதுக் கால்வாய் கண்ணில் படுவதற்கு முன்பே அது மறைந்துவிட வேண்டும். இவருக்கு மறையவில்லை. கால்வாய் தெரியத் தொடங்கிய பிறகும் அதன் பின்சுவரை ஒட்டி பல்ப்பின் உச்சி வட்டமாக நின்றுகொண்டிருந்தது. பக்கவாட்டுக் கோணத்தில் திருப்பிப் பார்த்தால், பின்பக்கம் சிறுமூளையைப் பார்த்த இடத்தில் எலும்பு மூடி இல்லை.

மாலையில் சர்ஜனே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பல்ப் எங்கப்பா நிக்குது?"

"கால்வாயோட அடிமட்டத்துக்கு மேல வந்துடுச்சு சார். பின்பக்கம் எலும்பு இல்ல."

"எதிர்ப்பக்கம் எப்படி?"

"இடது டிரான்ஸ்வர்ஸ் ரொம்பச் சின்னது சார். கிட்டத்தட்ட எல்லாமே வலது பக்கம்தான் இறங்குது."

கொஞ்ச நேரம் அவர் எதுவும் பேசவில்லை, அந்த இரண்டு மூன்று அடுக்குகளையே முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருந்தார். ஏரிக்கு ஒரே மதகுதான் இருக்கிறது, அந்த மதகுக்குப் பக்கத்தில்தான் தோண்ட வேண்டும் என்கிற நிலை. இடது பக்கம் நல்ல அகலமான சைனஸ் இருந்திருந்தால், வலது பக்கம் ஏதாவது ஆகி அடைத்தாலும் மூளை சமாளித்துக்கொள்ளும். இவருக்கு அந்த வசதி இல்லை.

அவர்கள் மாற்றியது பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் எல்லாமே முன்கூட்டியே மாற்றப்பட்டது. உட்கார வைப்பதை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் படுக்க வைத்தார்கள். மயக்க மருந்து டாக்டருக்குச் சிரையைப் பற்றி முதல் நாளே சொல்லப்பட்டது. கால்வாயின் பின்சுவரை வழக்கம்போல அகலமாக எடுக்காமல், மேல்பக்கமாக மட்டும், பல்ப்பிலிருந்து விலகி எடுத்தார்கள், கால்வாயின் ஆழத்தில் கண்ணுக்கு மறைந்த பகுதியைச் சாய்ந்த எண்டோஸ்கோப் வைத்துப் பார்த்துக் கட்டியை எடுத்தார்கள். முக நரம்பு நன்றாக இருந்தது. வலது காதில் கேட்பது முன்னைவிடக் குறைந்தது, ஆனால் போகவில்லை. அடுத்த எம்ஆர்ஐயில் கால்வாயின் கோடியில் ஒரு துளி சந்தேகமாகத் தெரிந்தது, அதை வருடா வருடம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பல்ப்பைக் கிழித்துக்கொண்டு அந்தத் துளியையும் எடுத்திருக்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

இதனால்தான் "ஹை ரைடிங் ஜுகுலர் பல்ப்" என்று மூன்று வார்த்தை எழுதி நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. எதற்கு மேலே இருந்தால் உயரம் என்பதற்கே ஆளுக்கொரு வரையறை இருக்கிறது. செவிப்பறையின் அடிவிளிம்பை அளவாக வைப்பவர்கள் உண்டு, கால்வாயின் அடிமட்டத்தை வைப்பவர்கள் உண்டு, கால்வாய்க்குக் கீழே இரண்டு மில்லிமீட்டருக்குள் வந்தாலே உயரம் என்பவர்களும் உண்டு. எவ்வளவு பேருக்கு இது இருக்கிறது என்கிற எண்ணிக்கையும் வரையறைக்குத் தகுந்தபடி எக்கச்சக்கமாக மாறுகிறது. சர்ஜனுக்கு வேண்டியது கால்வாய்க்கும் பல்ப்புக்கும் இடைவெளி எத்தனை மில்லிமீட்டர், பல்ப் கால்வாய்க்குப் பின்னால் இருக்கிறதா நேர் கீழேயா, மேலே எலும்பு இருக்கிறதா என்பதுதான்.

பெரிய கட்டிகளில் கவலை மேல்பக்கத்துக்கு மாறுகிறது. நம் நாட்டில் காது மந்தமானதை வயசு, சளி, வேலை செய்யும் இடத்துச் சத்தம் என்று தள்ளிப் போட்டுவிட்டு, நடை தள்ளாடத் தொடங்கிய பிறகு வருகிறவர்கள் அதிகம், மூன்று நாலு சென்டிமீட்டர் கட்டிகளை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். இப்படிப்பட்ட கட்டியின் மேல் நுனியில் பெட்ரோசல் சிரை ஒட்டிக்கொண்டோ விரிந்து இழுபட்டோ இருக்கும். டேண்டி முகத்து வலிக்காகப் பின்பக்கமிருந்து அறுவை செய்த காலத்தில் வழியில் நின்ற சிரை இது, அவர் பெயராலேயே டேண்டி சிரை என்றும் சொல்வார்கள். சிறுமூளையிலிருந்தும் மூளைத்தண்டின் பக்கவாட்டிலிருந்தும் ரத்தத்தைக் கொண்டுபோய் பெட்ரோசல் சைனஸில் விடுகிறது. ஒற்றைத் தண்டாக இருக்கலாம், இரண்டு மூன்றாகப் பிரிந்தும் இருக்கலாம். இதைப் பொசுக்கி வெட்டிவிடலாமா கூடாதா என்று சர்ஜன்களுக்குள் இன்னும் வாக்குவாதம் ஓய்ந்தபாடில்லை. வெட்டியும் ஒன்றும் ஆகாதவர்கள்தான் பெரும்பாலோர். ஆனால் சிலருக்குச் சிறுமூளை வீங்கி, உள்ளே ரத்தம் கசிந்து, நன்றாக முடிந்த ஆபரேஷன் மறுநாள் வேறு மாதிரி ஆகிவிடும். யாருக்கு ஆகும் என்று முன்பே சொல்ல வழி இல்லாதபோது, காப்பாற்ற முடிந்தால் காப்பாற்றுவதே சரி என்கிற பக்கம்தான் நான். ஒரே பெரிய தண்டாக இருந்து, சுற்றிலும் வேறு சிரைகள் சின்னதாக இருந்தால் அதை ரிப்போர்ட்டில் தனியாகவே எழுதிவிடுவேன்.

மூன்றாவது வழி காதுக்கு மேலிருந்து, மூளையின் பக்கவாட்டுப் பகுதியான டெம்போரல் மடலைத் தூக்கிக்கொண்டு போவது. கால்வாய்க்குள்ளேயே இருக்கும் சின்னக் கட்டிக்கு, கேட்கும் திறன் நன்றாக இருப்பவர்களுக்கு மட்டும். அங்கே பயப்பட வேண்டியது லாபே சிரை. டெம்போரல் மடலின் ரத்தத்தை டிரான்ஸ்வர்ஸ் சைனஸில் சேர்க்கும் சிரை அது, சேரும் இடம் ஆளுக்கு ஆள் முன்னும் பின்னும் நகரும். மடலைத் தூக்கும்போது அது இழுபட்டுக் கிழிந்தாலோ அடைத்தாலோ மூளையின் அந்தப் பகுதியே கெட்டுவிடும், இடது பக்கம் என்றால் பேச்சே போகலாம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் சிரையின் கதை முடிவதில்லை. ஒதுக்கப்பட்ட, அமுக்கப்பட்ட, டிரில்லின் சூட்டைப் பார்த்த சிக்மாய்டில் ரத்தம் உறைந்துவிடலாம். தேடிப் பார்த்தால் நாம் நினைப்பதைவிட அதிகம் பேருக்கு இருக்கிறது, பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் தானாகவே போய்விடுகிறது. அடைத்தது பெரிய பக்கத்துச் சைனஸ் என்றால்தான் தலைக்குள் அழுத்தம் ஏறும். படுத்தால் கூடுகிற தலைவலி, வாந்தி, பார்வை மங்குவது, இரட்டையாகத் தெரிவது இவையெல்லாம் வந்தால் "ஆபரேஷன் செய்த இடம், வலிக்கத்தான் செய்யும்" என்று வீட்டில் வைத்திருக்கக்கூடாது. ரத்தம் மேலும் உறையாமல் இருக்க மருந்து கொடுப்பதா என்பதும் எளிதான முடிவு இல்லை, புதிதாக அறுத்த இடத்தில் ரத்தம் கசியும் பயம் எதிர்ப்பக்கம் நிற்கிறது. அந்த முடிவை எடுப்பவருக்கு ஆபரேஷனுக்கு முன்பு அந்தச் சிரை எப்படி இருந்தது என்கிற படம் கையில் இருந்தால் பெரிய உதவி. முன்பே சின்னதாக இருந்த சைனஸை, புதிதாக அடைத்துவிட்டது என்று தவறாக எண்ணிவிட வாய்ப்பு உண்டு.

எங்கள் பக்கத்தில் நடக்கக்கூடிய தவறுகளையும் சொல்ல வேண்டும். ரத்தக்குழாயைத் துலக்கிக் காட்டும் மருந்து ஏற்றாமல் எடுக்கும் வெனோகிராமில், ரத்தம் மெதுவாக ஓடும் இடமும் படத்தின் தளத்திலேயே ஓடும் இடமும் வெறுமையாகத் தெரியும், சைனஸே இல்லை என்று தோன்றும். மருந்து ஏற்றி எடுத்தால் அங்கே சைனஸ் இருக்கும். பல்ப்புக்குள் ரத்தம் சுழல்வதால் எம்ஆர்ஐயில் அது சில நேரம் கட்டி மாதிரியே வெளிச்சமாகத் தெரிந்து ஏமாற்றும். எம்ஆர்ஐ கட்டிக்கும் நரம்புக்கும், சிடி எலும்புக்கு, வெனோகிராம் ஓட்டத்துக்கு. ஒன்றை வைத்து இன்னொன்றை யூகிக்கக்கூடாது, செலவு கூடுகிறதே என்று நோயாளிகள் கேட்பார்கள், எனக்கும் அது தெரிகிறது, ஆனால் ஆபரேஷன் என்று முடிவான பிறகு இந்தச் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள்.

கட்டியைக் கவனித்துக்கொண்டிருக்கலாம் என்று சொல்லப்பட்டவர்களுக்கு இதெல்லாம் இப்போதைக்குத் தேவையில்லை. ஆபரேஷன் தேதி பேசுகிற கட்டத்தில் இருப்பவர்கள் சர்ஜனிடம் தயங்காமல் கேளுங்கள்: எந்த வழியாகப் போகிறீர்கள், பல்ப் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கத்துச் சைனஸ் பெரிசு, உட்கார வைத்தா படுக்க வைத்தா. நல்ல சர்ஜன் கோபித்துக்கொள்ள மாட்டார், பெரும்பாலும் ஸ்கேனையே திறந்து காட்டுவார். இன்னொரு ஆஸ்பத்திரியில் இரண்டாவது கருத்து கேட்கப் போவதானால் பிலிம் கவரை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பிலிமில் சில படங்கள்தான் அச்சாகியிருக்கும், அதுவும் கட்டி நன்றாகத் தெரிகிற படங்கள். நான் மேலே சொன்ன பல்ப்பின் உச்சி, எமிசரி சிரையின் துவாரம், எலும்பு விட்டுப்போன இடம் எல்லாம் மெல்லிய அடுக்குகளில்தான் தெரியும், அவை ஸ்கேன் சென்டர் கம்ப்யூட்டரில் சில காலம்தான் இருக்கும். எடுத்த அன்றே டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ முழுசாகப் போட்டுக் கேளுங்கள், காது எலும்பின் மெல்லிய அடுக்குகள் அதில் இருக்கின்றனவா என்று அங்கேயே ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.